மாடி வரி

மார்பில் மாட்டியிருந்த கேஸ் மீட்டர் திடீரென்று அலறியது.

ஞானையா நிமிர்ந்து பார்த்தார். நிலத்தடி எண்ணெய்த் தொட்டிக்குள் முழங்கால் அளவு கசடு. தலைக்கு மேலே, மூடி திறந்திருந்த வட்டத்தில் வெள்ளை வெயில். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஏணி. அவரால் கையை நீட்ட முடியவில்லை. முகமூடியின் பட்டை நழுவியிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று ஏறி, உடனே காணாமல் போனது. நாற்றம் தெரியும்வரை பிழைப்பாய், தெரியாமல் போனால் சாவாய் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். முழங்கால் மடிந்தது. கசடு முகத்தை நோக்கி வந்தது.

இடுப்புக் கயிறு வெடுக்கென்று இறுகியது.

மேலே இருந்த கயிறு சுற்றும் கருவி பாதியில் சிக்கிக்கொண்டது. கயிற்றுக்காரன் அதை உதறிவிட்டு வெறுங்கையால் இழுத்தான். ஞானையாவின் தலை ஏணியில் மோதியது. தோள் இரும்பில் உரசித் தோல் கிழிந்தது. உரிக்கத் தொங்கவிட்ட ஆடுபோல ஆடி ஆடி மேலே போனார். தொட்டி வாயின் விளிம்பு முழங்காலைக் கீறியது. கொதிக்கும் சிமெண்ட் தரையில் வந்து விழுந்தார்.

"உட்டோ சாச்சா, உட்டோ." எழுந்திருக்கச் சொல்லிக் கயிற்றுக்காரன் அவர் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். வெயிலுக்கு அவன் முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கையுறை இரண்டும் கிழிந்து, கயிறு நெடுக ரத்தம்.

ஞானையா வாந்தி எடுத்தார். பிறகு, "டீக் ஹை, டீக் ஹை" என்றார். இந்த வேலையில் அவர் யாரிடமும் தமிழ் பேசுவதில்லை. கம்பெனி பஸ்சில் கடைசி சீட்டில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவார்.

தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் பெயர் அட்டையைக் கயிற்றுக்காரனிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். ஏறியதும் திரும்ப வாங்க வேண்டும். அதுதான் அங்கே முறை. கயிற்றுக்காரன் ரத்தம் பட்ட அட்டையை நீட்டினான்.

"மறுபடி எப்போ உள்ளே?" என்று ஞானையா இந்தியில் கேட்டார். உள்ளே இறங்குகிறவனுக்குச் சம்பளத்துக்கு மேல் தனிப் படி உண்டு.

அவன் தலையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினான்.

வேண்டாம் என்று விட முடியாது. ஞானையாவுக்குப் பாறைத்துறையில் மூன்று மாடி வீடு இருந்தது.

கன்னியாகுமரிக் கடற்கரையில் உள்ள அந்த ஊரில் ஊர்வரி என்றால் விளையாட்டில்லை. கோயில் திருவிழா, தெருவிளக்கு, கடல் அரிப்புக்குக் கல் போடுவது எல்லாம் அதில்தான். கடலுக்குப் போகிறவர்கள் பிடித்த மீனில் பங்கு கொடுப்பார்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு மட்டும் வீட்டைப் பார்த்து வரி. ஒரு மாடிக்கு ஒரு பங்கு. வரி கட்டாத வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயில் பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க ஊர்க்கமிட்டி விடாது. ஓலை வாசிக்காமல் தாலி கிடையாது.

ஞானையாவின் மகள் அக்ஸாவுக்கு வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு முதல் ஓலை. மாப்பிள்ளை பிரைட் அதே ஊர்ப் பையன். அவனும் ஞானையா இருக்கும் புஜைராவில்தான் இருந்தான். சேஃப்டி டூட்டி என்று சொன்னார்கள். எந்தக் கம்பெனி என்று ஞானையா கேட்டதில்லை. கேட்டால் அவன் திரும்பக் கேட்பான். ஞானையா எண்ணெய்க் கிடங்கில் ஃபோர்மேன் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. ஃபோர்மேன் மகள் என்றுதான் பிரைட்டின் தாய் பெண் கேட்டு வந்தாள். முதல் மாடி வாங்கின சம்பளத்தில் எழுந்தது. மற்ற இரண்டும் அந்தப் பேச்சைக் காப்பாற்றக் கடனில் எழுந்தவை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம், புஜைராவில் இருக்கும் பாறைத்துறைக்காரர்களின் ஊர்ச்சங்கக் கூட்டம். ஞானையா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் போனார். முழுக்கை, தோள் காயத்தை மறைத்தது. இருமல்தான் மறையவில்லை.

சங்கத் தலைவர் இன்பமணியின் ரூமில் பாய் விரித்து இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தாழ்ப்பாள் கெட்டுப்போன கதவுக்கு ஒரு துண்டு இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்திருந்தது. பிரைட் சுவரோரம் இருந்தான். இரண்டு கையிலும் கட்டு.

"என்ன மாப்ள, கையில?" என்றார் ஞானையா.

"அயன் பாக்ஸ் சுட்டுட்டு மாமா."

"ரெண்டு கையிலயுமா?"

"சட்டை பெருசு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இன்பமணி விஷயத்துக்கு வந்தார். ஒரு கப்பல் சாமான் கடையில் ஸ்டோர்கீப்பர்; எதையும் எண்ணித்தான் பேசுவார். "ஊர்ல கடல் வீட்டு வாசலுக்கு வந்துட்டு. கல் போட்டாகணும். மாடி வரிய ரெட்டிப்பாக்கணும்னு கமிட்டி சொல்லுகு. நம்ம சம்மதம் கேக்கா."

பிரைட் எழுந்தான். "நான் ஒண்ணு சொல்லட்டா? கடல்ல போறவன் என்ன குடுக்கான்? கிட்டுன மீனுல பங்கு. மீனு இல்லாத அன்னைக்கு ஒண்ணும் கெடையாது. அவனுக்க வீடு ஓடா, மாடியான்னு ஆரும் பாக்கதில்ல. நமக்கு மட்டும் என்னத்துக்கு மாடிய எண்ணுதாவ? சம்பளத்துல நூத்துக்கு இவ்வளவுன்னு வைங்க. இருக்கவன் கூடக் குடுக்கட்டும், இல்லாதவன் கொறையக் குடுக்கட்டும்."

"மாடி கெட்டுனவன் இருக்கவன்தானல?" என்று குறுக்கே வந்தான் தியாகு. லேபர் சப்ளை காண்டிராக்டர். கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு போன். "இல்லாதவன் என்னத்துக்கு மாடி கெட்டுதான்?"

"ஒங்களுக்கு ஊருல என்ன வீடு அண்ணே?"

"ஓட்டு வீடு. எங்க அப்பன் கெட்டுனது. அதுக்கென்ன?"

"நாகர்கோயில்ல?"

தியாகு குனிந்து ஒரு போனைத் தடவினான்.

"நான் சொல்லட்டா? ஒரு கல்யாண மண்டபம், ஒரு லாட்ஜு. ஊர்வரி மட்டும் ஓட்டுக்கு. எனக்கும் அப்பிடி ஒரு ஓடு இருந்தா நானும் மாடி வரிதான் நல்லதும்பேன்."

ரூம் சிரித்தது. தியாகுவின் முகம் கறுத்தது.

இன்பமணி கையமர்த்தினார். "தம்பி சொல்லதுல ஞாயம் இருக்கு. ஆனா வீட்ட ஒளிக்க முடியாது கேட்டியா. பஸ்ஸுல போறவனுக்கும் தெரியும். சம்பளத்த ஆரு நேராச் சொல்லுவான்? பொண்டாட்டிட்ட ஒண்ணு, கடன்காரன்ட்ட ஒண்ணு, சம்பந்தம் பேசப் போற எடத்துல வேற ஒண்ணு."

இதற்கும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஞானையா. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கச் சற்று நேரமானது.

"மாடி வரியே இருக்கட்டும் இன்பமணி" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "ரெட்டிப்பானாலும் கெட்டுதேன். எனக்கு ஒரு பாரமும் இல்ல."

பிரைட் அவரைத் திரும்பிப் பார்த்தான். "பாரம் உள்ளவனும் அப்பிடித்தான் சொல்லுவான் மாமா. வேலை போயி வீட்டுல இருக்கவன் என்ன செய்வான்? மாடிய இடிச்சா வரி கெட்டுவான்? செங்கல்லு மாசாமாசம் சம்பளம் தராது."

"லே, நீ எனக்கு வக்கீலா? ஒன்னக் கேட்டனா?"

"நான் ஒங்களச் சொல்லல மாமா."

அவன் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. இவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சம்பளத்தைத் தோண்டத்தான் இந்த வரிப் பேச்சை எடுக்கிறான். அப்படித்தான் ஞானையாவுக்குத் தோன்றியது.

கை தூக்கச் சொன்னார் இன்பமணி. மாடி வரிக்கு நாலைந்து கை. சம்பள வரிக்கு மற்ற எல்லாக் கையும். பிரைட் கட்டுப் போட்ட கையைத் தூக்கினான்.

"அப்போ முடிஞ்சு" என்றார் இன்பமணி. "இன்னைக்கே பாத்துருவோம். சம்பளம் விழுந்த மெசேஜ் எல்லாருக்க போன்லயும் கெடக்கும். நாளைக்குக் காட்டுதேன்னு போனா கதை எழுதிக்கிட்டு வருவான். போன எல்லாம் பாயில வைங்க."

பிரைட் பதறி எழுந்தான். "அது வேண்டாம் அண்ணே. அவனவன் ஒங்ககிட்டத் தனியாச் சொல்லட்டும். எல்லாருக்க முன்னாலயும் என்னத்துக்கு?"

"தனியாச் சொன்னா, இன்பமணி ஆளப் பாத்து வரி போட்டான்னு நாளைக்கு நீதான் சொல்லுவ. வைங்கலே போன."

பாயில் போன்கள் குவிந்தன. ஞானையாவின் சட்டைப்பையில் இருந்ததைப் பக்கத்து ஆளே உருவிப் போட்டான். பூட்டு இல்லாத பழைய போன். இன்பமணி அதைத்தான் முதலில் எடுத்தார். "ஃபோர்மேன்ல இருந்து தொடங்குவோம். மரியாதைக்கு மொத மரியாதை."

ஞானையாவுக்குக் காது அடைத்தது. தொட்டிக்குள் கேட்ட அலாரம் மறுபடி கேட்பதுபோல் இருந்தது. இன்னும் ஏழு நாளில் ஓலை. அந்த மெசேஜை ஒருவன் படித்தால் போதும். இரவுக்குள் ஊருக்குப் போய்விடும். பிரைட்டின் தாய் விடியும்வரைகூடக் காத்திருக்க மாட்டாள். அக்ஸா அந்த மூன்று மாடியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் தெரு சிரிக்கும்.

அந்த நேரத்தில் தியாகு தன் இரண்டு போனையும் வாரிக்கொண்டு கதவை நோக்கிப் போனான். ஒருவன் குறுக்கே நின்றான். தியாகு முட்டியால் அவன் மூக்கில் குத்தினான். மூக்கு உடைந்து சுவரில் ரத்தம் தெறித்தது. தடுக்க வந்த இன்பமணியின் வாயில் சுலைமானி டீ டம்ளரால் அறைந்தான். உதடு பிளந்தது. இன்பமணி கையில் இருந்த போன் தரையில் விழுந்து சுழன்றது. திரை எரிந்துகொண்டிருந்தது.

"அடில அவன." நாலு பேர் தியாகுவின் மேல் விழுந்தார்கள். சங்கிலி அறுந்தது. ஒருவனின் கையைத் தியாகு கடித்தான். கடிபட்டவன் அவன் தலையைக் கட்டில் காலில் மோதினான். டீ ஃப்ளாஸ்க் உடைந்து, கொதிக்கும் டீ யார் காலிலோ கொட்டியது. முட்டுக் குழாய் உருண்டு ஞானையாவின் காலடிக்கு வந்தது.

பிரைட் கூட்டத்துக்குள் புகுந்து போனைப் பாய்ந்து பிடித்தான். குப்புற விழுந்தபடி, கட்டுப் போட்ட கையைத் திரைமேல் வைத்து அமுக்கினான்.

ஞானையா பார்த்தது அதைத்தான். தன் போனின் மேல் அவன் கை.

குழாயை எடுத்தார்.

முதல் அடி தோளில் விழுந்தது. "எடுல கைய."

பிரைட் எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான். "மாமா, நான் பாக்கல. மூடத்தான்..."

இரண்டாவது அடி முன்கையில். எலும்பு ஒடியும் சத்தம், அத்தனை கூச்சலிலும் ஞானையாவுக்குத் தனியாகக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. தொட்டியில் இரண்டு வருஷம் கசடு வாரிய கை. மூன்றாவது அடி புறங்கையில் இறங்கியது. அடியில் இருந்த போன் நொறுங்கியது. கண்ணாடிச் சில்லு கட்டுத்துணியைத் துளைத்து உள்ளே போனது. நாலாவது அடிக்கு விரல்கள் எதிர்ப்பக்கம் வளைந்தன. துணி சிவந்தது, சிவப்பு பாயில் பரவியது.

பிரைட் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் அங்கேயும் ரத்தம். கை மட்டும் போனை விட்டு நகரவில்லை.

ஐந்தாவது அடிக்கு ஓங்கியபோது இன்பமணி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார். "ஞானையா, செத்துருவான். ஒனக்க மருமகன்ல அவன்."

கீழே சைரன் கேட்டது.

ரூம் ஒரே நொடியில் அடங்கியது. பக்கத்து ரூம்காரன் போன் செய்திருக்க வேண்டும். இந்த நாட்டில் அடிதடி என்றால் ஜெயில். ஜெயில் முடிந்ததும் விமானம். பிறகு இங்கே காலெடுத்து வைக்க முடியாது. அடித்தவன், அடிபட்டவன், வேடிக்கை பார்த்தவன் எல்லோருக்கும் அது தெரியும். தியாகுவின் மேல் உட்கார்ந்திருந்தவன் மெதுவாக இறங்கினான். தியாகுவே அவனுக்குக் கை கொடுத்தான்.

குழாய் ஞானையாவின் கையில்தான் இருந்தது. பிரைட் அடிபடாத கையால் அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "சிலிண்டரச் சாச்சுப் போடுங்க" என்றான். யாரோ சமையல் சிலிண்டரை உருட்டி வந்து அவன் பக்கத்தில் சாய்த்தார்கள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். இளையவன் இந்தி பேசினான். என்ன நடந்தது என்று கேட்டான்.

"சிலிண்டர் கிர் கயா, சாப். ஹாத் கே ஊபர்" என்றான் பிரைட். கையின் மேல் சிலிண்டர் விழுந்துவிட்டதாம்.

போலீஸ்காரன் சிலிண்டரைப் பார்த்தான். சுவரில் இருந்த ரத்தத்தையும், இன்பமணியின் உதட்டையும், தியாகுவின் கிழிந்த சட்டையையும் பார்த்தான். "எல்லார் மேலேயும் சிலிண்டரா விழுந்தது?"

"தூக்கப் போனாங்க சாப். பயத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்துட்டாங்க."

போலீஸ்காரன் தியாகுவிடம் திரும்பினான். தியாகு ஞானையாவை ஒரு தடவை முறைத்தான். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை சொன்னால் உடைந்த மூக்குக்கும் கணக்குச் சொல்ல வேண்டி வரும். "சிலிண்டர்" என்றான்.

"இது யார்?" சட்டை முழுக்க ரத்தத்தோடு நின்ற ஞானையாவைக் காட்டிப் போலீஸ்காரன் கேட்டான்.

"மேரா சசுர்" என்றான் பிரைட். என் மாமனார். "அவர் கூட வரட்டும், ஆஸ்பத்திரிக்கு."

போலீஸ்காரனுக்கு ஒன்றும் நம்பிக்கையில்லை. ஆனால் புகார் சொல்ல ஆளில்லை. முடிந்தது என்பதுபோல் "கலாஸ்" என்று சலித்துக்கொண்டு, எல்லோருடைய அடையாள அட்டையையும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டான்.

ஆம்புலன்சில் ஞானையாவுக்கு எதிரே படுத்திருந்தவனின் கை பை மாதிரி வீங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிரைட்டின் பல் நறநறவென்றது. அப்போது அவனுடைய போன் அடித்தது. திரையில் அக்ஸாவின் முகம். இருவரும் அதைப் பார்த்தார்கள். அது தானாக அடங்கும்வரை இருவரும் தொடவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் கத்தரிக்கோலால் கட்டுத்துணியை வெட்டினாள். ரத்தத்தில் ஒட்டிய துணியை உரித்தபோது பிரைட் முதல் முறையாகக் கத்தினான். நொறுங்கிய விரல்களுக்குக் கீழே, உள்ளங்கையில் பழைய காயம் தெரிந்தது. ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை தோல் ஒரே கோடாக உரிந்து போயிருந்தது. அடிபடாத இன்னொரு கையிலும் அதே கோடு.

ஞானையா அதைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

நர்ஸ் எக்ஸ்ரேக்கு ஆள் கூப்பிடப் போனாள். ஞானையா குனிந்தார்.

"பிரைட். அந்த மெசேஜ பாத்துட்டியா?"

பிரைட் கண்ணை மூடியபடி கிடந்தான்.

"பாத்திருந்தாலும் அது முழுசு இல்ல கேட்டியா. எங்க கம்பெனில பாதிதான் பேங்குல போடுவானுவ. ஃபோர்மேன் அலவன்ஸ் கையில தருவானுவ. ஒனக்க அம்மைட்ட ஒண்ணும் சொல்லிராத. ஓலை வாசிக்கட்டும். நீ வேணும்னா நாளைக்கு எங்க ஆபீஸுக்கு வா. ஏசி ரூம்ல இருந்து நான் வேலை பாக்கத ஒன் கண்ணால பாத்துக்க."

பேசி முடிப்பதற்குள் இருமல் வந்தது. தொட்டி நாற்றம் இன்னும் போகாத இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டில் கம்பியில் சாய்ந்தார்.

பிரைட் கண்ணைத் திறந்தான். உடைந்த கையை மற்றொரு கையால் மெல்லத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு டேங்குல எறங்காதீங்க மாமா. கயிறு பிடிக்கதுக்கு எனக்குக் கை இல்ல."